விண்டோசை விட்டவர்கள்: மியூனிக், கேரளம், நாம்



போன மாதம் என் பழைய கணினியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். லினக்சுக்கு மாறிவிட்டேன் என்றதும் என்னோடு பணியாற்றிய சிலர் தொலைபேசியில் அழைத்து, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று கேட்டார்கள். ஒருவர், "அது கம்ப்யூட்டர் படிச்ச பசங்க வச்சுக்கறதாச்சே" என்றார். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்வதைவிட இதன் வரலாற்றையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். அவசரக்காரர்கள் மியூனிக் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

என் கதை சுருக்கமாக. 2016-இல் வாங்கிய மேசைக்கணினி. வினாத்தாள், பாடக்குறிப்பு, ஓய்வூதியக் கடிதம், பேரப்பிள்ளைகளின் படம் எல்லாம் அதில்தான். விண்டோஸ் 10 போட்டிருந்தேன். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் செயலி என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. கடையில் கேட்டேன். "புதுசு வாங்கிடுங்க சார், இது வேஸ்ட்" என்றார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளை வேஸ்ட் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு வந்த என் அக்கா பேரன், "தாத்தா, தூக்கிப் போடாதீங்க, நான் லினக்ஸ் மின்ட் போட்டுத் தர்றேன்" என்று ஒரு பென் டிரைவைச் சொருகினான். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

முடிந்தது என்று சொல்லிவிட்டேன், உண்மையில் அங்கேதான் தொடங்கியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இயங்குதளம் என்றால் என்ன என்பதை என் வகுப்பில் சொல்வதுபோல் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் ஒரு பொறுப்பாளர் இருப்பார். பந்தி எங்கே, மேளக்காரர் எங்கே உட்கார வேண்டும், சமையல் கட்டுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். மாப்பிள்ளை பெண் யார் என்பது அவருக்கு முக்கியமில்லை. கணினியில் அந்தப் பொறுப்பாளர்தான் இயங்குதளம். விண்டோஸ் ஒரு பொறுப்பாளர், லினக்ஸ் இன்னொருவர். வேறுபாடு என்னவென்றால், முதலாமவர் எப்படி வேலை செய்கிறார் என்று எட்டிப் பார்க்க நமக்கு அனுமதி இல்லை. இரண்டாமவரின் கணக்கு நோட்டு முற்றத்தில் திறந்தே கிடக்கும்.

அந்த நோட்டு திறந்து கிடக்க வேண்டும் என்று முதலில் அடம் பிடித்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொள்ளும். அச்சிடக் கொடுத்தவர் வேறு மாடியில் காத்துக்கொண்டிருப்பார். பழைய பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவருக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார் ஸ்டால்மன். பிறகு செராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன் என அவர் மறுத்துவிட்டார். இதுபோன்ற அனுபவங்கள் உள்ளே கனன்றுகொண்டிருக்க, 1983 செப்டம்பர் 27 அன்று குனு என்ற திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற நான்கு உரிமைகளோடு முழு இயங்குதளத்தையும் எழுதுவது திட்டம். ஒரு சிக்கிய தாளிலிருந்து இவ்வளவும் கிளம்பியது என்பது எனக்கு இன்றும் வியப்பு. எங்கள் பள்ளி நகலெடுக்கும் இயந்திரத்தில் சிக்கிய தாள்களுக்குக் கணக்கே இல்லை. நாங்கள் திட்டியதோடு நிறுத்திக்கொண்டோம்.

குனு திட்டத்தில் பல கருவிகள் தயாராகிவிட்டன. உட்கரு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. அந்த இடத்தை நிரப்பியது பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஆகஸ்ட் 25 அன்று, பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் இருக்காது என்கிற பாணியில் இணையக் குழுவொன்றில் அறிவித்தார். 1992-இல் அதை ஸ்டால்மனின் குனு பொது உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அதன்பின் அது ஒருவருடைய பொருளாக இல்லாமல் போய்விட்டது.

சர்வர்களில் லினக்ஸ் விரைவில் இடம் பிடித்தது. மேசைக்கணினியில்தான் தடுமாற்றம். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய அலுவலகப் பெண்ணோ பள்ளி ஆசிரியரோ ஏன் பழக வேண்டும்? 1996-இல் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் எட்ரிச் கே.டி.ஈ. என்ற வரைகலை மேசைத்தளத்தைத் தொடங்கினார். 1997-இல் மெக்சிகோவின் மிகேல் தே இகாசாவும் பெதரிகோ மேனாவும் குனோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2004 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த் முன்னின்று நடத்திய உபுண்டு வந்தது. இவற்றுக்குப் பிறகுதான் சாதாரண ஆள் தொடக்கூடிய ஒன்றாக லினக்ஸ் மாறியது.

இனி மியூனிக். ஜெர்மனியின் மூன்றாவது பெரிய நகரம். நகர நிர்வாகத்தில் ஏறத்தாழ 14,000 கணினிகள் இருந்தன. எல்லாவற்றிலும் விண்டோஸ் என்.டி. 4. அதற்கான ஆதரவு முடிவுக்கு வருகிறது என்று தெரிந்ததும், எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை. என் ஆறாம் தலைமுறைச் செயலியின் நிலைமைதான், 14,000 மடங்கு. புதிய விண்டோசுக்குப் போவதா, லினக்சுக்குப் போவதா என்று ஆய்வு செய்யச் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது. மைக்ரோசாப்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர், சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தவர், அதை இடையில் நிறுத்திவிட்டு மியூனிக் வந்து மேயர் கிறிஸ்டியான் ஊடேயைச் சந்தித்தார். இது 2003-இல். 14,000 கணினிக்காக உலகின் பெரும் நிறுவனத்தின் தலைவர் நேரில் வருவாரா? வந்தார். அவருக்குப் பயம் 14,000-ஐப் பற்றி அல்ல, அதைப் பார்த்து அடுத்த நகரமும் கேட்கும் என்பது. விலையையும் வெகுவாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகு விண்டோஸ் வழிதான் மலிவு, லினக்ஸ் வழி செலவு கூடுதல். இருந்தும் 2003 மே 28 அன்று நகர மன்றம் லினக்ஸ் பக்கம் வாக்களித்தது.

லினக்ஸ் இலவசம், அதனால் மாறினார்கள் என்று நம்மில் பலர் நினைப்போம். மியூனிக் விஷயத்தில் அது சரியில்லை. அதிகம் செலவாகும் என்று தெரிந்தேதான் மாறினார்கள். ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருந்தால் அது எப்போது மாறச் சொல்கிறதோ அப்போது மாற வேண்டும், அது சொல்லும் விலையைத் தர வேண்டும். அந்தக் கட்டாயத்திலிருந்து வெளியே வரத்தான் கூடுதல் பணம் கொடுத்தார்கள். சொந்த வீடு கட்டுகிறவன் வாடகையைவிட வட்டி அதிகம் கட்டுவதில்லையா, அது மாதிரி.

திட்டத்துக்கு லிமக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2004 ஜூனில் இறுதி ஒப்புதல். மென்பொருள் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்ற அச்சத்தில் சிறிது காலம் நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கினார்கள். முதல் கணினிகள் மாறியது 2006-இல்தான். முதலில் டெபியன், பிறகு உபுண்டு அடிப்படை. வேலை இழுத்தடித்ததற்கு லினக்ஸ் முக்கியக் காரணம் இல்லை. நகரத்தில் ஏறக்குறைய 20 தனித்தனிக் கணினிப் பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி மென்பொருள் போட்டு, தன் விருப்பப்படி படிவம் தயாரித்து வைத்திருந்தது. ஆயிரக்கணக்கான கடித வார்ப்புருக்கள். ஒரே விஷயத்துக்கு நாலு துறை நாலு படிவம். நம் ஊர் அலுவலகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த வால்மக்ஸ் என்றொரு மென்பொருளைத் தாங்களே எழுதி, அதையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். வேறு இயங்குதளத்துக்கு மாறப் போய், வீட்டையே ஒட்டடை அடிக்க வேண்டியதாகிவிட்டது.

2013 இறுதியில் திட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, விண்டோசில் இருந்திருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டு ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகரம் கணக்குக் காட்டியது. மைக்ரோசாப்ட் தரப்பு அந்தக் கணக்கை மறுத்தது. யார் கணக்கு சரி என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் 15,000 பேர் நாள்தோறும் அதில்தான் வேலை பார்த்தார்கள், நகரம் நின்றுவிடவில்லை.

2014-இல் புதிய மேயர் வந்தார், டீட்டர் ரைட்டர். கட்சி அதே சமூக ஜனநாயகக் கட்சிதான், மனது வேறு. தான் மைக்ரோசாப்ட் ரசிகன் என்று சொல்லிக்கொண்டவர். மேயராகும் முன் நகரத்தின் பொருளாதாரத் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். மைக்ரோசாப்டின் ஜெர்மனித் தலைமையகம் புறநகரிலிருந்து மியூனிக் நகருக்குள் வரும் ஏற்பாடு அந்தக் காலத்தது. 2016-இல் அலுவலகம் நகருக்குள் திறந்தது. இரண்டையும் முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. முடிச்சு உண்மையா என்று என்னால் சொல்ல இயலாது, தேதிகளை மட்டும் சொல்கிறேன்.

ஊழியர்களின் புகார்களும் பொய்யல்ல. வெளி அலுவலகங்களிலிருந்து வரும் வேர்டு கோப்புகளைத் திறந்தால் கட்டங்கள் கலைந்துவிடும். சில துறைகளுக்கான தனி மென்பொருள்கள் விண்டோசில் மட்டுமே ஓடும். ஒன்று பழுதானால் யாரிடம் சொல்வது என்றே தெரியாது. ஆலோசனை நிறுவனமான அக்சென்ச்சரிடம் அறிக்கை கேட்டார்கள். அந்த நிறுவனமே மைக்ரோசாப்டின் கூட்டாளி. அப்படியிருந்தும் அந்த அறிக்கை, முக்கியச் சிக்கல் நகரத்தின் கணினி நிர்வாக அமைப்பில்தான் இருக்கிறது என்றது. அதையும் மீறி 2017 நவம்பரில் விண்டோஸ் 10-க்குத் திரும்புவதென நகர மன்றம் முடிவெடுத்தது. திரும்புவதற்கு மட்டும் சுமார் 5 கோடி யூரோ. போன செலவு ஒரு பக்கம், திரும்பி வந்த செலவு ஒரு பக்கம். 2020-இல் மறுபடி புதிய கூட்டணி, மறுபடி கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை என்று உடன்படிக்கை. 2024-இல் அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் தன் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீசுக்கும் லினக்சுக்கும் மாற்றப் போவதாக அறிவித்திருக்கிறது.

பிரான்சின் ஜாந்தார்மெரி காவல் படை வேறு வழியில் போனது. அவர்கள் இயங்குதளத்தில் முதலில் கை வைக்கவேயில்லை. 2005-இல் விண்டோசின் மேலேயே ஓப்பன் ஆபீசைப் போட்டார்கள். பிறகு பயர்பாக்ஸ் உலாவி, தண்டர்பேர்டு மின்னஞ்சல். காவலர்களுக்குக் கை பழகிய பிறகு, 2008 முதல் அடியில் இருந்த விண்டோசை உருவிவிட்டு உபுண்டுவை வைத்தார்கள். திரையில் அதே பயர்பாக்ஸ், அதே ஓப்பன் ஆபீஸ். புரட்சி என்று யாரும் அறிவிக்கவில்லை. இன்றும் அது நிற்கிறது. உங்களில் யாராவது மாற நினைத்தால் இந்த வழியைத்தான் சொல்வேன். என் அக்கா பேரனுக்கு இது தெரியாது, ஒரே நாளில் என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டான்.

இப்போது பக்கத்து மாநிலம். ஆசிரியர் என்ற முறையில் மியூனிக்கைவிட எனக்குப் பெருமையும் கொஞ்சம் பொறாமையும் தரும் கதை இது.

கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001-ஐ ஒட்டித் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் கணினிக் கல்வியைக் கட்டாயப் பாடமாக்குவது நோக்கம். தொடக்கத்தில் பாடமும் பயிற்சியும் விண்டோசையே ஒட்டியிருந்தன. 2001 ஜூலையில்தான் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டிருந்தது. அரசுப் பள்ளியில் ஒரு நிறுவனத்தின் பொருளை ஏன் பாடமாக வைக்க வேண்டும் என்ற கேள்வியை அந்த ஆர்வலர்களும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து எழுப்பினார்கள். சங்கம் என்றால் அகவிலைப்படிக்கும் இடமாறுதலுக்கும்தான் என்று நாம் பழகிவிட்டோம். அங்கே சங்கம் மென்பொருள் உரிமத்துக்காகப் பேசியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளம் தயாரானது. 2008-இல் பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வு முழுக்கக் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்தது. எழுதியவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் மாணவர்கள்.

ஒரு விஷயம் தேர்வில் வந்துவிட்டால் பிறகு அதை யாராலும் அசைக்க முடியாது. முப்பது ஆண்டுக்கு மேல் சுண்ணக்கட்டி பிடித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மியூனிக்கில் மாற்றியவர்கள் கணினித் துறையினர், பயன்படுத்தியவர்கள் வேறு ஊழியர்கள். பழுது வந்தால் இவர்கள் அவர்களைத் திட்டுவார்கள். கேரளத்தில் ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரே ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். மலையாளம் நடத்துகிறவரோ கணக்கு நடத்துகிறவரோ கணினிப் பெட்டியைத் திறந்து, இயங்குதளம் நிறுவக் கற்றுக்கொண்டார். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, படம் வரைய இன்க்ஸ்கேப் என்று பாடத்தோடு பாடமாக மென்பொருள் போனது. 2017-இல் அந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமானது. மாணவர்களுக்கு லிட்டில் கைட்ஸ் என்று மன்றமும் வந்தது. உபுண்டு அடிப்படையில் இன்றும் தங்கள் பள்ளி இயங்குதளத்தைப் புதுப்பித்து வெளியிடுகிறார்கள். ஆட்சிகள் மாறின. அது மாறவில்லை.

சரி, நாம்?

நம்மிடமும் நல்ல தொடக்கங்கள் இருந்தன. யாரும் மறந்துவிடக் கூடாது. 2006 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றினார். அதே காலத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வந்த கணினிகளிலும் சூசே இருந்தது. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் வந்திறங்கியதைப் பார்த்தேன். திரையில் அதன் சின்னமான பச்சோந்தி. பிள்ளைகள் "பல்லி கம்ப்யூட்டர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2007-இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து பாஸ் என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் அடிப்படை. தமிழிலேயே பட்டிகளைப் பார்க்கலாம். மேல்நிலைக் கணினி அறிவியல் நூலில் அந்த ஆண்டுகளில் வேர்டு, எக்செல் இல்லை. ஸ்டார் ஆபீஸ் இருந்தது. பிள்ளைகள் ஸ்டார் ஆபீசை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு, வெளியே போய் வேர்டில் தட்டச்சு கற்றுக்கொண்டார்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அந்தக் கணினிகளில் விண்டோசும் இருந்தது, பாஸ் லினக்சும் இருந்தது. திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளின் கையில், தமிழில் பேசும் ஓர் இயங்குதளம் போய்ச் சேர்ந்தது. உலகில் எத்தனை அரசுகள் இதைச் செய்திருக்கின்றன?

நான் இடைநிலை ஆசிரியர். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவன். ஆறு முதல் எட்டு வரைதான் என் வகுப்புகள். ஆனால் மேல்நிலைப் பள்ளியில் இருந்ததால் மடிக்கணினி வழங்கும் நாளில் பட்டியல் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கும் வேலை எனக்கும் வந்தது. சில வாரம் கழித்து ஒரு மாணவி வந்தாள். நான் ஆறாம் வகுப்பில் பாடம் நடத்திய பெண். அப்பா மூட்டை தூக்குபவர்.

"சார், லேப்டாப்ப திறந்தா ரெண்டு பேரு வருது. பாஸ்னு ஒண்ணு. அது என்ன சார்?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வகுப்பறையில் அந்தச் சொல் நம் வாயில் வராது என்பது உங்களுக்கே தெரியும். "அது ஒண்ணும் தேவையில்லம்மா. கடையில குடுத்து எடுத்துடு. எடம் மிச்சமாகும்" என்றேன்.

அவள் கடையில் கொடுத்தாள். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் பாஸை மட்டும் எடுக்கவில்லை. கணினியோடு வந்த உரிமமுள்ள விண்டோசையும் சேர்த்து அழித்துவிட்டு, ஒரு திருட்டு விண்டோசைப் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வைரஸ் புகுந்தது. செய்முறைக்காக அவள் எழுதி வைத்திருந்தது எல்லாம் போயிற்று. மறுபடி வந்து நின்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. "வேற கடை தெரியுமா சார்?" என்றுதான் கேட்டாள்.

அந்த ஆண்டு எங்கள் ஊரில் எத்தனையோ பிள்ளைகள் இதே வேலையைச் செய்தார்கள். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்டதைச் செய்தார். பிள்ளைகளைச் சொல்லியும் குற்றமில்லை. பாஸைப் பற்றி எங்கள் பள்ளியில் எவருக்கும் ஒரு நாள் பயிற்சிகூடக் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் என் வீட்டுக் கணினியிலும் அப்போது திருட்டு விண்டோஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. நன்னெறி வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன். கேரளத்து ஆசிரியர் பெட்டியைத் திறந்து பார்த்தார். நான் பெட்டியைக் கடைக்கு அனுப்பினேன்.

2014-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு நின்றபோது அரசு அலுவலகங்களில் பாஸைப் போடும்படி தமிழக அரசு அறிவுறுத்தியது. அப்போதும் நான் செய்தித்தாளில் படித்துவிட்டுத் திருப்பிவிட்டேன். 2018-இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்பு நூலில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீசும் பாடமாக வந்தன. என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதி அது. இன்னொரு பக்கம், அரசை எதிர்பாராமல் கணியம் போன்ற இதழை நடத்தி, லினக்சைத் தமிழில் கற்றுத் தரும் இளைஞர்கள் 2012-இலிருந்தே உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைத்தான் இப்போது உட்கார்ந்து படிக்கிறேன்.

இனி என் கிணற்றுக்கு வருகிறேன். பேரன் ஊருக்குப் போன மறுநாள் பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்தேன். திரை முழுக்கப் புரியாத எழுத்துகள். பயந்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது. அவை யூனிகோடுக்கு முந்தைய வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துருக் கோப்புகளைப் பழைய குறுவட்டிலிருந்து தேடி எடுத்து இங்கே நிறுவியதும் வினாத்தாள் உயிர் பெற்றது. இனி ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஏறத்தாழ நானூறு கோப்புகள். தினம் ஐந்து மாற்றுகிறேன். தட்டச்சுக்கு முன்பு என்.எச்.எம். ரைட்டர் வைத்திருந்தேன். அது விண்டோசுக்கானது. இங்கே ஐபஸ் என்ற அமைப்பில் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது. அதே விரல், அதே இடம். இந்தப் பதிவு முழுவதும் அதில்தான் அடித்தேன்.

எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். என் அச்சுப்பொறி அச்சடிக்கிறது, ஸ்கேன் செய்ய மறுக்கிறது. மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். கைரேகைக் கருவி வேண்டிய வேலைகளுக்கு இ-சேவை மையத்துக்குத்தான் நடக்கிறேன். நண்பர் அனுப்பும் வேர்டு கோப்புகளில் அட்டவணை சில சமயம் கோணுகிறது. மியூனிக் ஊழியர்கள் புகார் சொன்னது எதனால் என்று இப்போது தெரிகிறது. மற்றபடி நாளிதழ், யூடியூப், கடிதம், வங்கி எல்லாம் முன்போலத்தான். கணினி திறக்க எடுக்கும் நேரம் பாதியாகிவிட்டது.

ஒரு வேண்டுகோள். 2011-க்குப் பிறகு அரசு மடிக்கணினி வாங்கியவர்கள், அல்லது உங்கள் பிள்ளைகள் வாங்கியிருந்தால், பரணில் பாருங்கள். பேட்டரி செத்திருக்கும். சார்ஜரைச் சொருகினால் பல இன்னும் எழும். விண்டோஸ் ஓடத் திணறும் கணினியில்கூட எடை குறைந்த லினக்ஸ் ஓடும். எங்கள் தெருவில் இதுவரை மூன்று கிடைத்திருக்கின்றன. இரண்டு எழுந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், கொண்டு வாருங்கள். 300 ரூபாய் வேண்டாம்.

அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. 2012-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வகுப்பில் பாஸைப் பற்றி என்னிடம் கேட்டவள் யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள். அது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும்.